கொலராடோவின் கடைமடைக்கு எட்டு வாரத் தண்ணீர்: 2014 திறப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

2014 மார்ச் 23 அன்று, அமெரிக்க-மெக்சிகோ எல்லையில், கொலராடோ ஆற்றின் குறுக்கே உள்ள மொரெலோஸ் அணையின் மதகுகள் ஆற்றுப் பக்கமாகத் திறக்கப்பட்டன. வழக்கமாக அந்த அணைக்கு வரும் நீர் முழுவதும் மெக்சிகலி பள்ளத்தாக்கின் பாசன வாய்க்காலுக்குத் திரும்பிவிடும். ஆற்றுக்கு ஒன்றும் போகாது. இந்த முறை மே 18 வரை எட்டு வாரங்களில் 13 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 4.6 டிஎம்சி, ஆற்றின் சூழலுக்கென்றே விடப்பட்டது. இவ்விரு நாடுகளும் அப்படி ஒரு நோக்கத்துக்கு உடன்பாடு எழுதி நீர் விட்டது அதுவே முதல் தடவை.

மே 15 அன்று அந்த நீரின் முனை கலிஃபோர்னியா வளைகுடாவின் ஓதத்தை, அதாவது கடலின் ஏற்றவற்ற நீரை, தொட்டது. செய்திகள் பெரும்பாலும் அந்த நாளோடு நின்றுவிட்டன. நீர் எங்கே போயிற்று, எது முளைத்தது, எது முளைக்கவில்லை, அடுத்த திறப்பை ஏன் வேறு விதமாகச் செய்தார்கள் என்பவையே இந்த ஆய்வின் பொருள்.

ஆறு எப்படி வற்றியது

ராக்கி மலைகளின் பனியுருகலில் பிறக்கும் கொலராடோ சுமார் 2,330 கி.மீ. ஓடுகிறது, அதன் பின்பாதி முழுவதும் பாலைநிலம். மழையை நம்பி வாழும் ஆறு அல்ல இது. மே, ஜூன் மாதங்களில் மலையிலிருந்து இறங்கும் வெள்ளம்தான் அதன் உயிர். அணைகளுக்கு முன் கடைமடையில் அந்த வெள்ளம் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. வண்டலும் நீரும் சேர்ந்து கடல்முகத்தில் ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர் கழிமுகத்தை உருவாக்கியிருந்தன. அங்குள்ள பழங்குடியினரான குகாபா மக்கள் அங்கே மீன் பிடித்தும் வெள்ளம் வடிந்த ஈரத்தில் சோளமும் பூசணியும் விதைத்தும் வாழ்ந்தார்கள். 1852 முதல் நீராவிப் படகுகள் வளைகுடாவிலிருந்து அரிசோனாவின் யூமா நகரம் வரை சரக்கு ஏற்றிச் சென்றன. 1877இல் ரயில் வந்ததும் அந்தத் தொழில் தளர்ந்தது.

1922இல் இயற்கையியலாளர் ஆல்டோ லியோபோல்டும் அவர் தம்பியும் இக்கழிமுகத்தில் துடுப்புப் படகில் சுற்றினார்கள். பசுமையான காயல்கள், நீர்ப்பறவைகள், ஜாகுவார் நடமாட்டம் என்றெல்லாம் குறிப்புகள் உண்டு. அதே 1922இல்தான் ஏழு அமெரிக்க மாநிலங்கள் ஆற்றைப் பங்கிட்டன: மேற்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி (ஒரு ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர்), கீழ்ப்படுகைக்கு அதே அளவு. இரண்டும் சேர்ந்தால் சுமார் 653 டிஎம்சி. கணக்குப் போட்டவர்கள் ஈரமான ஆண்டுகளின் அளவுகளைப் பார்த்துப் போட்டதால், ஆற்றில் இல்லாத நீரும் காகிதத்தில் பங்காகிவிட்டது. 1944 ஒப்பந்தம் மெக்சிகோவுக்கு 15 லட்சம் ஏக்கர் அடி, சுமார் 65 டிஎம்சி, ஒதுக்கியது. ஆற்றுக்கென்று எந்த ஆவணமும் ஒரு சொட்டும் ஒதுக்கவில்லை.

அடுத்து நடந்தவை நேரடியானவை. 1935இல் ஹூவர் அணை, 1950இல் மொரெலோஸ், 1963இல் கிளென் கேன்யன் அணை மூடல். கிளென் கேன்யனின் நீர்த்தேக்கமான பவல் ஏரி நிரம்பும் வரை, அதாவது 1980 வரை, கழிமுகத்துக்கு ஏறக்குறைய எதுவும் போகவில்லை. 1983-84இல் அணைகள் கொள்ளாமல் வழிந்த வெள்ளமும், 1993இல் கிலா கிளையாற்றில் வந்த வெள்ளமும் தற்செயலாகக் கீழே இறங்கின. இன்று எஞ்சியிருக்கும் மண்ணின் மரங்களில் பல அந்த ஆண்டுகளில் முளைத்தவை.

திறப்புக்கு முன் கண்டவை

திட்டமிட்டவர்கள் மொரெலோஸுக்குக் கீழே உள்ள ஆற்றை ஏழு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் நிலத்தடி நீர் ஆழம், மண்ணின் உப்பு, மரங்களின் நிலை தனித்தனியாக அளக்கப்பட்டன. இந்தப் பிரிவினை இல்லாமல் பின்னால் எதையும் ஒப்பிட்டிருக்க முடியாது.

அணைக்கு நேர் கீழே, இரு நாடுகளுக்கும் எல்லையாக ஓடும் சுமார் 37 கி.மீ. நீளத்தின் மேற்பகுதியில் கசிவு நீரால் கொஞ்சம் ஈரம் உண்டு. அதைத் தாண்டினால் சான் லூயிஸ் ரியோ கொலராடோ நகரத்தை ஒட்டி ஆறு வெறும் மணல். இருபுறமும் ஆழ்துளைக் கிணறுகள் இறைப்பதால் நிலத்தடி நீர் பத்து மீட்டருக்கும் கீழே போயிருந்தது. அதற்கும் அப்பால், அணையிலிருந்து அறுபது கிலோமீட்டரைக் கடந்தபின், வயல்களின் வடிநீர் ஊறி மீண்டும் நிலத்தடி நீர் மேலே வருகிறது. லகூனா கிராந்தே என்ற இடம் அங்கேதான். இதற்கும் கீழே ஹார்டி ஆறு சேருமிடம், பின் ஓதக் கழிமுகம்.

மேலே உள்ளது காய்ந்த பகுதி, நடுவே உள்ளது உயிருள்ள பகுதி. நீரோ மேலிருந்துதான் வர வேண்டும். சிக்கல் முழுவதும் இதில் அடங்கியிருந்தது.

தாவரங்களில், கரையோரத்தின் பெரும்பகுதியை டாமரிஸ்க் என்ற அயல் புதர் பிடித்திருந்தது. உப்பைத் தாங்கும், வேர் ஆழமாக இறங்கும், வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் வரை விதை உதிர்க்கும். மண்ணின் மரங்களான ஃப்ரீமான்ட் காட்டன்வுட்டும் குடிங் வில்லோவும் (இது நம் ஆற்றுப்பாலையின் உறவு) அப்படி அல்ல. விதை வசந்தத்தின் சில வாரங்களில் மட்டுமே பறக்கும். பறந்தபின் சில வாரங்களே உயிரோடிருக்கும். அதற்குள் வெயில் படும், வேறு செடி இல்லாத, ஈரமான வண்டலில் விழ வேண்டும். விழுந்து முளைத்தாலும், நீர்மட்டம் நாளொன்றுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் நாற்றின் வேர் அதைத் துரத்திப் பிடிக்க முடியாமல் காய்ந்துவிடும். பழைய பனியுருகு வெள்ளம் இந்த மூன்றையும் சேர்த்தே செய்தது: பழைய செடியை அரித்தது, வண்டலைப் பரப்பியது, மெதுவாக வடிந்தது.

மெஸ்கீட் மரமும் இங்கே மண்ணின் மரம்தான். தமிழ்நாட்டில் வேரோடு பிடுங்கப்படும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவை இங்கே நாற்றங்காலில் வளர்த்து நடுகிறார்கள் என்பது நம் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். எந்த மரமும் அது பிறந்த ஊரில் வேறு கதை.

பறவைகளைப் பொறுத்தவரை, கழிமுகத்தில் 380க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. பசிபிக் வலசைப் பாதையில், இருபுறமும் பாலை சூழ்ந்த ஈரத் துண்டு இது. இங்கே ஒரு முரண்: கழிமுகத்தின் மிகப் பெரிய சதுப்பான சியனேகா தெ சாந்தா கிளாரா ஆற்றுநீரால் வாழவில்லை. அரிசோனா வயல்களின் உவர்வடிநீரை 1977 முதல் ஒரு கால்வாய் அங்கே கொட்டுகிறது. அந்தக் கழிவில் உருவான நாணல் சதுப்பில்தான் அருகிவரும் யூமா ரிட்ஜ்வே கானாங்கோழியின் பெரும்பகுதி வாழ்கிறது. 2014 திறப்பு இந்தச் சதுப்புக்கானதல்ல. ஆற்றுக் கரையோரக் காட்டுக்கானது.

உடன்பாடு வந்த வழி

2010 ஏப்ரல் 4 அன்று 7.2 அளவிலான நிலநடுக்கம் மெக்சிகலி பள்ளத்தாக்கின் வாய்க்கால்களை உடைத்தது. தன் பங்கு நீரை வாங்கிப் பாய்ச்ச வாய்க்கால் இல்லாத நிலையில், அதை அமெரிக்காவில் ஹூவர் அணையின் நீர்த்தேக்கமான மீட் ஏரியில் தேக்கிவைத்துக்கொள்ள மெக்சிகோவுக்கு அதே ஆண்டு வழி செய்யப்பட்டது. ஒரு நாட்டின் நீர் மற்றொரு நாட்டின் ஏரியில் இருக்கலாம் என்று ஆனதும் பேச்சுவார்த்தையின் முகமே மாறியது. 2012 நவம்பர் 20 அன்று, 1944 ஒப்பந்தத்தின் கீழ் 319ஆம் குறிப்பாணை என்ற துணை உடன்பாடு கையெழுத்தானது. 2017 இறுதிவரை செல்லும்.

அதில் சூழலுக்கென ஒதுக்கியது மொத்தம் 1,58,088 ஏக்கர் அடி. மூன்றில் இரண்டு பங்கு, 1,05,392 ஏக்கர் அடி, ஒரே மூச்சில் விடும் வெள்ளம். மீதி 52,696 ஏக்கர் அடி, ஐந்து ஆண்டுகளில் சிறிது சிறிதாக நடவுத் தளங்களுக்குப் போகும் அடிநீரோட்டம். இந்த இரண்டாவது பங்கைத் தன்னார்வ அமைப்புகள் பள்ளத்தாக்கின் நீருரிமைகளை விலைக்கும் குத்தகைக்கும் வாங்கித் திரட்டின. நிலத்தை விட்டு நீருரிமையை மட்டும் பிரித்து விற்க அங்கே சட்டம் இடம் தந்ததால் இது முடிந்தது.

முடிவுகளும் காரணங்களும்

அளவு. 1990களின் இறுதியில் சூழலியலாளர்கள் கேட்டது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 2,60,000 ஏக்கர் அடி. கிடைத்தது அதில் பாதிக்கும் குறைவு. ஆற்றின் சராசரி ஆண்டு வரத்தில் இது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. புதர்களை அரித்து மணல்மேடுகளை நகர்த்தும் வேகம் இந்த அளவில் வராது என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

நேரம். காட்டன்வுட், வில்லோ விதை பறக்கும் காலத்தோடு பொருந்த மார்ச் இறுதியைத் தேர்ந்தார்கள். பழைய வெள்ளம் இதைவிடத் தாமதமாக வரும். ஆனால் மே, ஜூனில் விட்டால் அந்த ஈரத்தில் டாமரிஸ்க் விதையே முந்தும்.

வடிவம். முதல் வாரத்திலேயே விநாடிக்கு சுமார் 120 கன மீட்டர், 4,200 கன அடி அளவுக்கு ஏற்றி, பிறகு ஏழு வாரங்கள் படிப்படியாகக் குறைப்பது. உச்சம் கரைத்திட்டுகளை நனைக்கும். நீண்ட இறக்கம் நாற்றின் வேருக்கு நேரம் தரும்.

இடம். மிகவும் விவாதத்துக்குரியது இதுதான். பெரும்பகுதி நீரை மொரெலோஸிலிருந்தே ஆற்றில் விட்டார்கள். ஒரு பகுதியைக் கி.மீ. 27, கி.மீ. 18 என்று அழைக்கப்படும் இரண்டு பாசனக் கழிமதகுகள் வழியாகக் கீழே இறக்கினார்கள். முழு ஆற்றையும் நனைத்துப் பார்த்தால்தான் எந்தப் பகுதி எவ்வளவு குடிக்கும் என்று தெரியும் என்பது அறிவியல் பக்கத்து நியாயம். நீர்ச் சிக்கனம் மட்டுமே அளவுகோல் என்றால் இந்த முடிவு வீண் செலவுதான். முதல் சோதனை என்ற வகையில் அது சரியான செலவு என்பது எங்கள் மதிப்பீடு.

நிலம். லகூனா கிராந்தேயிலும் வேறு சில தளங்களிலும் நீர் வருமுன்பே டாமரிஸ்க்கை இயந்திரத்தால் அகற்றி, தரையைத் தாழ்த்திச் சமன்செய்து, பழைய வளைவோடைகளை ஆற்றோடு மறுபடி இணைத்திருந்தார்கள். பிற இடங்கள் அப்படியே விடப்பட்டன. இந்த ஒரு வேறுபாடுதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

எட்டு வாரங்கள்

நீரின் முனை மணலில் நடை வேகத்துக்கும் குறைவாகவே நகர்ந்தது. முதலில் படுகைக் குழிகள் நிரம்பும், பிறகு அடுத்த மேடு வரை ஊறும், பிறகே முன்னேறும். சில நாட்களில் சான் லூயிஸ் பாலத்தின் அடியை எட்டியது. பெயரிலேயே ஆற்றை வைத்திருக்கும் அந்த ஊரில், ஆற்றில் நீரைக் கண்டிராத ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. வாரக்கணக்கில் மக்கள் குடும்பம் குடும்பமாகப் படுகையில் இறங்கினார்கள், இசையும் அடுப்புமாக.

அளவீட்டுக் குழுக்கள் ஓட்ட அளவு, அளவுக் கிணறுகளின் நீர்மட்டம், நனைந்த பரப்பு, உப்பு, நாற்று எண்ணிக்கை, பறவைக் கணக்கு ஆகியவற்றை இணையாக எடுத்தன. நனைந்த பரப்பு சுமார் 4,000 ஏக்கர். காய்ந்த பகுதியில் அளவுக் கிணறுகளின் மட்டம் பல மீட்டர் எழும்பியது. திறந்துவிட்ட நீரின் மிகப் பெரும்பகுதி முதல் அறுபது கிலோமீட்டருக்குள்ளேயே மண்ணுக்குள் போய்விட்டது. கடலைத் தொட்டது மிகச் சிறிய மிச்சம்; ஓதக் கழிமுகத்தின் உப்பை மாற்றும் அளவுக்கு அது போதவில்லை.

உச்ச ஓட்டத்தில்கூடப் படுகை வடிவம் பெரிதாக மாறவில்லை. டாமரிஸ்க் புதர்கள் நின்ற இடத்தில் நின்றன. அரிப்பு ஆங்காங்கே மட்டும்.

பின்விளைவு

முதல் ஆண்டு, செயற்கைக்கோள் படங்களில் கரையோரத்தின் பசுமை முந்தைய ஆண்டைவிடச் சுமார் 17 விழுக்காடு கூடியிருந்தது. இதைப் புதுக் காடு என்று படித்துவிடக் கூடாது. கூடியது பெரும்பாலும் ஏற்கெனவே நின்ற செடிகளின் இலைப்பரப்பு. அவற்றில் டாமரிஸ்க்கும் அடக்கம். அடுத்தடுத்த ஆண்டுகளில் நிலத்தடி நீர்மேடு கரையக் கரையப் பசுமையும் இறங்கி, குறிப்பாணைக் காலம் முடியுமுன் பழைய நிலைக்கே வந்துவிட்டது. பறவைகளின் போக்கும் இதை ஒத்தது: திறப்புக்குப் பின் எண்ணிக்கையும் இன வகையும் உயர்ந்து, பின் தணிந்தன.

முளைப்பைப் பார்த்தால் வேறுபாடு கூர்மையானது. அப்படியே விடப்பட்ட இடங்களில் ஈரம் வந்தும் காட்டன்வுட், வில்லோ நாற்று அரிது. காரணம் ஒன்றல்ல. வெறுந்தரை இல்லை. அருகில் விதைமரம் இல்லை. சில இடங்களில் மண்ணில் உப்பு மிகுதி. காய்ந்த பகுதியில் நீர்மட்டம் எழும்பிய வேகத்திலேயே விழுந்ததால் முளைத்ததும் கருகியது. இந்தத் தடைகளில் ஒன்று இருந்தாலே போதும், முளைப்பு தோற்றுவிடும். நிலம் ஒழுங்குசெய்து வைத்திருந்த லகூனா கிராந்தேயில் இந்த நான்கும் ஏறக்குறைய நீங்கியிருந்தன. அங்கே வில்லோவும் காட்டன்வுட்டும் தாமாக முளைத்தன. கூடவே டாமரிஸ்க்கும் முளைத்ததால் களையெடுப்பு தொடர வேண்டியிருந்தது.

வெள்ளத்தைவிட அமைதியாக, ஆனால் அதிகமாக வேலை செய்தது அடிநீரோட்டம். நடவுத் தளங்களில் முறை இப்படி: டாமரிஸ்க்கை வேர்க்கழுத்தோடு பெயர்க்க வேண்டும் (தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி துளிர்க்கும்). பிறகு மண்ணின் உப்பையும் நிலத்தடி நீர் ஆழத்தையும் அளந்து, தாழ்ந்த ஈரத்தில் வில்லோ, அடுத்த படியில் காட்டன்வுட், மேட்டில் மெஸ்கீட் என்று வகுக்க வேண்டும். வில்லோவுக்கும் காட்டன்வுட்டுக்கும் போத்து வெட்டி நடலாம், அல்லது நாற்றங்கால் கன்றை வைக்கலாம். வேர் நிலத்தடி நீரைத் தொடும் வரை வாய்க்கால் நீர் பாய்ச்ச வேண்டும். நீர்மட்டம் சுமார் மூன்று மீட்டருக்குள் இல்லாத இடத்தில் இந்த இரு மரங்களையும் நடுவது பணத்தைப் புதைப்பதற்குச் சமம். இத்தளங்களில் செந்நிற ஈப்பிடிப்பான், ஹூடட் ஓரியோல் போன்ற, கரையோரக் காட்டைச் சார்ந்த பறவைகள் மற்ற வெள்ளச்சமவெளியைவிடத் தெளிவாக அதிகம். திறப்பின் பலன் மற்ற இடங்களில் தணிந்த பின்னும் இங்கே தங்கியது. பீவரும் வந்து ஓடைகளை அடைக்கத் தொடங்கியது.

அடுத்த முறை மாற்றியவை

2017 செப்டம்பரில் 323ஆம் குறிப்பாணை வந்தது. 2026 வரை சூழலுக்கு 2,10,000 ஏக்கர் அடி, சுமார் 9 டிஎம்சி. இதை அமெரிக்கா, மெக்சிகோ, தன்னார்வ அமைப்புகள் மூன்றும் சம பங்காகத் தர வேண்டும். மீட்டெடுப்புப் பரப்பின் இலக்கு 4,300 ஏக்கர்.

ஒரே பெரு வெள்ளம் என்ற வடிவம் கைவிடப்பட்டது. 2021 மே 1 முதல் அக்டோபர் 11 வரை 35,000 ஏக்கர் அடி, சுமார் 1.5 டிஎம்சி, விடப்பட்டபோது அது மொரெலோஸுக்குக் கீழே ஆற்றில் இறங்கவே இல்லை. பாசன வாய்க்கால்கள் வழியாகக் காய்ந்த பகுதியைச் சுற்றிக் கடந்து, நடவுத் தளங்கள் உள்ள நடுப்பகுதியில் ஆற்றில் சேர்ந்தது. 2014இன் மூன்றில் ஒரு பங்கு நீர்தான். ஆனால் வெயில் கொளுத்தும் மாதங்கள் முழுவதும் நடுப்பகுதியில் ஓட்டம் இருந்தது, கழிமுகத்துக்கும் நீர் எட்டியது. அந்த ஆகஸ்டில்தான் ஆற்று வரலாற்றில் முதல் தடவையாக அமெரிக்கா அதிகாரபூர்வமாக நீர்ப் பற்றாக்குறையை அறிவித்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரு வெள்ளம் ஒன்றுக்கு அப்போது யாரும் இசைந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சான் லூயிஸ் நகரத்து ஆறு மீண்டும் மணலாகவே இருக்கிறது. 2014இல் படுகையில் இறங்கிய மக்களுக்கு 2021 திறப்பு கண்ணில் படவே இல்லை. ஊர் மக்களின் ஆதரவைத் திரட்டியதில் 2014 திறப்புக்கு ஈடாக எந்தப் பசுமைக் குறியீடும் நிற்காது. அந்த ஆதரவை இப்போது நடவு வேலை, பள்ளிப் பயணம் என்று வேறு வழிகளில் தேட வேண்டியிருக்கிறது.

தீராதவை

விதை முளைக்கும் வெள்ளத்தை வாய்க்கால் நீர் தராது. நட்ட மரம் முதிர்ந்து விதை தந்தாலும் அது விழ வெறும் வண்டல் வேண்டும். அதற்கு இயந்திரத்தால் தரையைச் சீவுவது மட்டுமே தற்போதைய வழி. பவல், மீட் ஏரிகளில் தங்கிவிட்ட வண்டலுக்கு மாற்று எதுவும் இல்லை.

ஓதக் கழிமுகத்தில் வேறு தடை. ஆற்று ஓட்டம் இல்லாத காலத்தில் ஓதம் கொண்டுவந்த மணல் வாயை அடைத்து நிற்கிறது. சிறு ஓட்டத்தால் அதை உடைக்க முடியாது. வாய்க்கால் தோண்டி வழிவிட வேண்டும், தோண்டியதை ஓதம் மறுபடி தூர்க்கும்போது திரும்பவும் தோண்ட வேண்டும்.

323ஆம் குறிப்பாணையின் காலம் 2026 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அமெரிக்க மாநிலங்களுக்கிடையிலான அணை இயக்க விதிகளும் அதே ஆண்டோடு முடிகின்றன. நட்டு வளர்த்த மரங்களுக்கு ஆண்டுதோறும் வேண்டிய அடிநீரோட்டம் அடுத்த உடன்பாட்டில் தனி வரியாக எழுதப்பட வேண்டும். ‘மிச்சம் இருந்தால் தருவோம்’ என்ற வாசகம் பற்றாக்குறை ஆண்டில் பூஜ்யமாகிவிடும்; வில்லோ கன்று ஒரு கோடையைக்கூட அப்படித் தாண்டாது.